பக்கத்து இருக்கைக்கு எழுதுவது

தமிழ்நாட்டில் பி.எட். படிப்பு 2015–16 கல்வியாண்டு முதல் இரண்டு ஆண்டாக நீண்டது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் கொண்டுவந்த விதிமுறைகளும் அதையொட்டி வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகமும், கூடுதலாகக் கிடைத்த காலத்தில் சில புதிய தாள்களைச் சேர்க்கச் சொல்லின. அவற்றில் ஒன்று, நூல்களை வாசிப்பதற்கும் வாசித்ததைக் குறித்து யோசிப்பதற்கும் என்றே ஒதுக்கப்பட்டது. ஆசிரியராகப் போகிறவர் முதலில் ஒரு வாசகராகட்டும் என்ற எண்ணத்தில் வைத்த தாள் அது. நடைமுறையில் அது என்னவாகிறது என்பது பயிற்சிக் கல்லூரிகளின் பக்கம் போய் வந்தவர்களுக்குத் தெரியும்: ரெக்கார்டு நோட்டாகிறது. அட்டை போட்டு, ஓரத்தில் கோடு கிழித்து, நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், விலை, கதைச்சுருக்கம், நூல் உணர்த்தும் நீதி என்று தலைப்புவாரியாக நிரப்பி, விரிவுரையாளரின் சிவப்பு மைக் கையெழுத்து வாங்கி, வெளித்தேர்வாளர் வரும் நாளில் மேசையில் அடுக்கிவைப்பது. போன வருடத்து சீனியரின் நோட்டு கையில் இருந்தால் நூலைத் திறக்கவே தேவையில்லை. இந்தத் தோல்விக்குப் பயிற்சி மாணவர்களின் சோம்பலைக் காரணம் சொல்வது எளிது. என் வாதம் வேறு. அந்த நோட்டு யாருக்காக எழுதப்படுகிறது என்பதில் கோளாறு இருக்கிறது. தேர்வாளருக்கு எழுதும்வரை அது இப்படித்தான் இருக்கும். ஒரே கதையைப் படித்த நாலைந்து சக மாணவர்களுக்கு எழுதி, பிறகு அவர்களோடு உட்கார்ந்து பேசும்போது அதே தாள் வேறொன்றாக மாறும்.

வாசிக்காத ஆசிரியரால் வாசிக்கிற பிள்ளைகளை உருவாக்க முடியுமா என்ற கேள்வியை அமெரிக்காவில் ஆன்டனி ஆப்பிள்கேட், மேரி டிகான்டி ஆப்பிள்கேட் என்ற இருவர் 2004இல் நேரடியாகவே கேட்டார்கள். ஆசிரியப் பயிற்சிக்கு வந்திருந்த மாணவர்களிடம் அவர்களுடைய வாசிப்புப் பழக்கத்தை விசாரித்ததில், பாதிக்கு மேற்பட்டோருக்கு வாசிப்பில் ஆர்வமே இல்லை என்று தெரிந்தது. அதற்கு 'பீட்டர் விளைவு' என்று பெயர் வைத்தார்கள். கையேந்தியவனிடம், என்னிடம் வெள்ளியுமில்லை பொன்னுமில்லை என்று விவிலியத்தில் பேதுரு (ஆங்கிலத்தில் பீட்டர்) சொல்வதை வைத்துப் பிறந்த பெயர். தன்னிடம் இல்லாததை எப்படிக் கொடுப்பது? இதோடு டான் லார்ட்டி 1975இல் சொன்னதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆசிரியத் தொழிலை ஒருவர் பயிற்சிக் கல்லூரியில் கற்றுக்கொள்வதைவிட, பள்ளியில் மாணவராக உட்கார்ந்து பார்த்த பல ஆண்டுகளில் கற்றுக்கொண்டது அதிகம் என்றார் அவர். நம் ஊர்ப் பயிற்சி மாணவர் அப்படிப் பார்த்தது எது? துணைப்பாடக் கதையை ஒருவர் வாசிக்க, ஆசிரியர் கருத்தைச் சொல்ல, எல்லோரும் எழுதிக்கொண்டது. தேர்வுக்கு முன் நோட்ஸில் இருந்து மனப்பாடம் செய்தது. கதையைப் பற்றித் தனக்கு ஒரு கருத்து இருக்கலாம் என்பதே பலருக்கு இருபத்திரண்டு வயதில் புதுச் செய்தி. இரண்டு ஆண்டுப் பயிற்சி இந்தப் பழைய பாடத்தை அழிக்க வேண்டுமானால் விரிவுரை போதாது. வேறுவிதமாக வாசித்த அனுபவம் ஒன்றாவது அவருக்குக் கிடைக்க வேண்டும்.

இலக்கிய வட்டம் என்ற முறை அப்படி ஓர் அனுபவத்தைத் தரலாம். சிகாகோவைச் சேர்ந்த ஹார்வி டேனியல்ஸ் 1994இல் எழுதிய நூல் வழியாக அது பரவலானது. நாலைந்து பேர் ஒரு நூலைத் தாங்களே தேர்ந்தெடுத்து, பகுதி பகுதியாகப் படித்துக் குறிப்போடு வந்து பேசுவார்கள். ஒருவர் கேள்விகளைக் கொண்டுவருவார். ஒருவர் முக்கியமான பத்தியை எடுத்துக்காட்டுவார். ஒருவர் கதையை வெளியுலகத்தோடு இணைப்பார். ஆசிரியர் பக்கத்தில் இருப்பார், நடுவில் இருக்க மாட்டார். இதன் பின்னால் லூயிஸ் ரோசன்பிளாட் 1938இலேயே முன்வைத்த கருத்து இருக்கிறது: வாசிப்பு என்பது நூலுக்குள் புதைத்துவைத்த பொருளைத் தோண்டி எடுப்பதல்ல, வாசகரும் பிரதியும் சந்திக்கும் இடத்தில் நிகழ்வது. டேனியல்ஸே பின்னாளில், 2002இல் வந்த இரண்டாம் பதிப்பில், ஒரு எச்சரிக்கையும் சேர்த்தார். பங்குகளைப் பிரித்துத் தரும் தாள்கள் தொடக்கத்தில் கைப்பிடித்து நடத்த உதவும். அவையே நிரந்தரமானால் மாணவர்கள் தாளை நிரப்புவதோடு நின்றுவிடுவார்கள். ரெக்கார்டு நோட்டில் பிறந்து வளர்ந்த நம் பயிற்சி உலகம் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். எந்த நல்ல முறையையும் ஒரே ஆண்டில் ஒரு படிவமாக்கிவிடும் திறமை நமக்கு உண்டு.

இதை இறக்குமதிச் சரக்கு என்று ஒதுக்கவும் முடியாது. மாணவன் கற்கும் முறையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூலின் பொதுப்பாயிரம் ஒரு கணக்காகவே போட்டு வைத்திருக்கிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகப் பிடித்துக்கொண்டாலும் கால்பங்குதான் தேறும். உடன்கற்பவரோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். பிறருக்கு விரித்துரைப்பதில் மீதி அரை. நன்னூலாசிரியர் பவணந்தியின் விகிதாசாரத்தைச் சோதித்துப் பார்த்தவர் யாருமில்லை. ஆனால் முக்கால்பங்கு கல்வி ஆசிரியரின் வாய்க்கு வெளியே நடக்கிறது என்று ஒரு இலக்கண ஆசிரியரே சொன்னது கவனிக்கத்தக்கது. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வழக்கத்தைப் போன்ற ஒன்றைத்தான் ஆண்ட்ரூ பெல் சென்னையில் கண்டு, எழும்பூர் அனாதை விடுதியில் முயன்று, 1797இல் நூலாக எழுதி, இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே அது 'மதராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. பெல்லின் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் ஒப்பித்தார்கள், விவாதிக்கவில்லை. திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. வீட்டு வட்டத்தொட்டியில் கம்பனைச் சுற்றி நடந்த கூட்டங்கள் தமிழ் ரசனையின் திசையையே மாற்றின என்பதில் ஐயமில்லை. அந்த வட்டத்துக்கும் ஒரு மையம் இருந்தது, வந்தவர்கள் டி.கே.சி. வழியாகக் கம்பனைக் கேட்டார்கள். கூடிப் படிப்பதில் நமக்கு நல்ல பழக்கம் உண்டு. மையமில்லாமல் கூடிப் படிப்பதில் பழக்கம் குறைவு.

பேச விட்டால் போதுமே, எழுத்து எதற்கு என்று கேட்கலாம். மார்ட்டின் நைஸ்ட்ராண்டும் அவர் குழுவும் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்ட எட்டாம், ஒன்பதாம் வகுப்பு இலக்கிய வகுப்புகளைக் கவனித்து 1997இல் நூலாக எழுதினார்கள். திறந்த கலந்துரையாடல் என்று சொல்லத்தக்கது சராசரியாக ஒரு வகுப்புக்கு ஒரு நிமிடம்கூட நடக்கவில்லை. மற்ற நேரமெல்லாம் ஆசிரியர் கேட்க, மாணவர் விடை சொல்ல, ஆசிரியர் சரி அல்லது தவறு என்று முடித்துவைத்தது. அதற்கும் முன்பே, 1974இல், மேரி பட் ரோ என்பவர் தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்புகளில் ஒரு சின்ன விஷயத்தை அளந்திருந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் சுமார் ஒரு வினாடி. அதை மூன்று வினாடியாக நீட்டியபோது விடைகள் நீண்டன. வாயே திறக்காதவர்கள் பேசினார்கள். மந்தமானவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களும் கை தூக்கினார்கள். மூன்று வினாடிக்கே இந்த விளைவு என்றால், வீட்டில் உட்கார்ந்து ஒரு மாலை முழுதும் யோசித்து அரைப் பக்கம் எழுதிவரச் சொல்வது எவ்வளவு செய்யும்? வாயாடிகள் நால்வர் வகுப்பை எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம் பயிற்சிக் கல்லூரிகளிலும் உண்டு. முதலில் எழுதி, பிறகு பேசும்போது, பேசத் தயங்குபவரின் கருத்து அவர் வாய் திறப்பதற்கு முன்பே மற்றவர்கள் கையில் இருக்கும். "நீ எழுதியிருந்தியே, அதைச் சொல்லு" என்று பக்கத்தில் இருப்பவர் தூண்டுவதற்கு ஒரு கயிறு கிடைக்கிறது.

இதற்கான வடிவமும் நம்மிடமே இருந்தது. பள்ளி, கல்லூரி, வாசகசாலை என்று எங்கும் ஒரு காலத்தில் கையெழுத்துப் பத்திரிகைகள் நடந்தன. ஒரே ஒரு பிரதி. கை மாறிக் கை மாறிப் போகும். கடைசியில் சில வெற்றுத் தாள்கள் படித்தவர்கள் கருத்து எழுதுவதற்காகவே விடப்பட்டிருக்கும். பிற்காலத்தில் பேர் பெற்ற எழுத்தாளர்கள் பலர் அதில்தான் கை பழகினார்கள். அங்கே எழுதியவருக்குத் தன் வாசகர் யார் என்பது தெரியும், அவர் மறுத்து எழுதுவார் என்பதும் தெரியும். இத்தாலியில் பார்பியானா என்ற மலைக்கிராமத்துப் பள்ளியில் எட்டு மாணவர்கள் சேர்ந்து 1967இல் ஆசிரியைக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார்கள். தமிழில் 'எங்களை ஏன் டீச்சர் ஃபெயிலாக்கினீங்க?' என்று வந்திருக்கும் அந்த நூலிலேயே எழுதிய முறையும் சொல்லப்பட்டிருக்கிறது: ஆளுக்கொரு குறிப்பேடு, தோன்றியதையெல்லாம் துண்டுச் சீட்டில் எழுதுவது, சீட்டுகளை மேசையில் பரப்பி வகைபிரிப்பது, பிறகு சேர்ந்து உட்கார்ந்து வெட்டிச் சுருக்குவது. தேர்வில் தவறி வெளியேற்றப்பட்ட பிள்ளைகள் எழுதியது அது. தனித்தனியே எழுதாமல் கூடிப் பேசியிருந்தால் எட்டுப் பேரின் குறை ஒருவரின் குறையாகச் சுருங்கியிருக்கும்.

ஒரு கதையை எடுத்துப் பார்ப்போம். இரா. நடராசனின் 'ஆயிஷா' ஆசிரியர்களிடையே மிக அதிகம் கைமாறிய குறுநாவல்களில் ஒன்று. கேள்வி கேட்கும் ஒரு பள்ளி மாணவி, கேட்டதற்காக அடிபடுகிறாள், அடி வலிக்காமலிருக்க உடம்பை மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தன்மேலேயே சோதித்துப் பார்த்து இறந்துபோகிறாள். கதையைச் சொல்பவர் அவளுடைய அறிவியல் ஆசிரியை. ரெக்கார்டு நோட்டில் இதன் நீதி ஒரே வரி: ஆசிரியர்கள் மாணவரை அடிக்கக் கூடாது, கேள்வி கேட்பதை ஊக்குவிக்க வேண்டும். மறுப்பவர் யாருமில்லை, அதனால் பேச ஒன்றுமில்லை. ஐந்து பேர் ஒருவருக்கொருவர் எழுதும்போது கதை வேறு பக்கம் திரும்ப இடமிருக்கிறது. அடித்த ஆசிரியர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, கதை சொல்கிற டீச்சர்மேல்தான் கோபம், அவருக்குத்தான் அந்தப் பெண்ணின் அறிவு தெரிந்திருந்தது, ஸ்டாஃப் ரூமில் என்ன செய்தார் என்று ஒருவர் எழுதலாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் சீனியர்களை எதிர்த்து என்ன பேசிவிட முடியும் என்று இன்னொருவர் பதில் எழுதுவார். தான் அடுத்த ஆண்டு உட்காரப்போகும் ஸ்டாஃப் ரூமை மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதுவார். மூன்றாமவர், இந்த டீச்சர் கொடுத்த ஊக்கம்தான் அந்தப் பெண்ணை ரசாயனத்தின் பக்கம் தள்ளியதோ என்று கேட்கலாம். கொடூரமான கேள்வி, ஆனால் கதை அதற்கு இடம் தருகிறது. நாலாமவர் தன் பள்ளியில் இப்படிக் கேள்வி கேட்ட ஒருத்தியைப் பார்த்து வகுப்பே சிரித்ததையும் தானும் சிரித்ததையும் எழுதக்கூடும். நீதி வரியில் 'ஆசிரியர்கள்' என்பது வேறு யாரோ. இந்தக் குறிப்புகளில் அது தன்மை இடத்துக்கு வந்துவிடுகிறது. பயிற்சிக் கல்லூரி செய்ய நினைப்பது இதைத்தானே?

ஆவடி மாநகராட்சிக்குள் இருக்கும் சேக்காடு போன்ற இடத்தில் இதற்குக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் அமைந்து, 1965இல் முதல் விஜயந்தா டாங்க் வெளிவந்த ஊர் ஆவடி. படைத்துறை நிறுவனங்கள், ரயில் பணிமனை, பக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று பிழைப்புக்கு வந்து குடியேறியவர்களால் ஆன பகுதி. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை, உருது பேசும் பிள்ளை, வேலைக்கு வந்த இந்திக்காரக் குடும்பத்துப் பிள்ளை, திருவண்ணாமலைப் பக்கத்துத் தமிழ் பேசும் பிள்ளை ஒரே பெஞ்சில் உட்காரக்கூடிய இடம். கற்பித்தல் பயிற்சிக்காக இங்கே வருபவர், மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கும் திரூரில் படித்தவராக இருந்தாலும் ஏதோ ஒரு தனியார் கல்லூரியில் படித்தவராக இருந்தாலும், ஒரே கதை நாலு வீட்டில் நாலுவிதமாகக் கேட்கும் என்பதை எங்கே கற்றுக்கொள்வார்? பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நாலு நிலைகளில் சின்னச் சின்ன கதைப் புத்தகங்களைப் பிள்ளைகள் கையில் கொடுத்தது. அழகான புத்தகங்கள்; நீதி சொல்வதற்காக எழுதப்பட்டவை அல்ல. வகுப்பில் அதைப் படித்து முடித்தவுடன், "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேட்டுவிட்டால் பழைய பாடநூலுக்கும் இதற்கும் வேறுபாடில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பது ஒரு பழக்கம். தனக்கு அந்தக் கேள்வி கேட்கப்படாத ஒரு வாசிப்பு வாய்த்திருந்தால்தான் அது வரும்.

எதிர்ப்புகளில் கனமானது ஆய்வு உலகிலிருந்தே வருவது. பி. கேரன் மர்ஃபியும் உடன் ஆய்வாளர்களும் வகுப்பறைக் கலந்துரையாடல் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். இத்தகைய முறைகளில் பல, மாணவர் பேச்சைக் கூட்டுகின்றன, ஆசிரியர் பேச்சைக் குறைக்கின்றன. ஆனால் பேச்சு கூடிய அளவுக்குப் புரிதல் கூடிவிடுவதில்லை. இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆசிரியர் விலகிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற வட்டம் அரட்டையில் முடியும். கதையை அரைகுறையாகப் படித்துவிட்டு, தன் அனுபவம் பேசுகிறேன் என்று பாதி நேரத்தைத் தின்பவர் எல்லா வகுப்பிலும் உண்டு. எழுதிவருவதன் இன்னொரு பயன் இங்கேதான். விரிவுரையாளர் குறிப்புகளை முதல் நாளே படித்து, யாரும் யாரோடு ஒத்துப்போகாத இடத்தைக் கண்டுபிடித்து, "நீங்க ரெண்டு பேரும் ஒரே பக்கத்தைப் படிச்சிருக்கீங்க, வேற வேற மாதிரி எழுதியிருக்கீங்க, அந்தப் பக்கத்தை எடுங்க" என்று மட்டும் சொல்லலாம். யார் சொல்வது சரி என்று அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை; பக்கத்தைத் திறக்கவைக்க வேண்டும். இது விரிவுரை நடத்துவதைவிடக் கடினமான வேலை.

இன்னொரு எதிர்ப்பு சமூகத்திலிருந்து வருவது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வெளிவந்தது; அதில் பள்ளியும் விடுதியும் ஒரு தலித் பெண்ணின் கண்ணால் தெரிகின்றன. பயிற்சி மாணவர்கள் படித்தே ஆக வேண்டிய நூல் அது. நாங்குநேரியில் 2023இல் ஒரு மாணவன் சாதி காரணமாகச் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துருவின் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்திருக்கும் நிலையில், சாதியைப் பற்றி ஆசிரியர்கள் பேசப் பழகவில்லை என்று தயங்க நேரமில்லை. ஆனால் ஐந்து பேர் வட்டத்தில் ஒருவர் மட்டும் தலித்தாக இருந்தால், மற்ற நால்வரின் கண்ணும் அவர் பக்கம் திரும்பும். அவர் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டவர்போல் ஆகிவிடுவார். பெயரில்லாமல் எழுதவைத்தால் சரியாகுமா என்றால், ஐந்து பேருக்குள் கையெழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். பெயர் மறைத்த பக்கத்தில் விஷமும் வரும். இதற்கு முழுமையான மருந்து இல்லை. நூலைப் பற்றி மட்டும் எழுது, உன் வாழ்க்கையைப் பற்றி எழுதுவது உன் விருப்பம் என்ற விதியைத் தொடக்கத்திலேயே வைக்கலாம். இப்படிப்பட்ட நூல்களை முதல் மாதத்தில் எடுக்காமல், வட்டம் ஒருவரையொருவர் அறிந்த பிறகு எடுக்கலாம். ஆபத்து குறையும், மறையாது. பேசாமல் விட்டால் வரும் ஆபத்து எது என்பதை நாங்குநேரி காட்டியிருக்கிறது.

நேரமில்லை என்பது மூன்றாவது. 2012 முதல் நடக்கும் ஆசிரியர் தகுதித் தேர்வு பயிற்சி மாணவர் தலைமேல் தொங்குகிறது; ஐந்தாண்டுக்கு மேல் பணிக்காலம் மீதமுள்ளவர்கள், ஏற்கெனவே வேலையில் இருந்தாலும், அதில் தேறியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்னதும் அந்தத் தேர்வின் எடை இன்னும் ஏறிவிட்டது. கோச்சிங் சென்டருக்கு ஓடுகிறவரிடம் குறுநாவலைக் கொடுத்தால் வேடிக்கையாகத்தான் இருக்கும். கணித ஆசிரியராகப் போகிறவருக்குக் கதை எதற்கு என்பதும் இதோடு சேர்ந்தே வரும். தகுதித் தேர்வு, விடை ஏற்கெனவே தீர்மானமான கேள்விகளால் ஆனது, வகுப்பறை அப்படியல்ல. தவறான விடைக்குப் பின்னால் பிள்ளை என்ன யோசித்தது என்று கேட்கத் தெரிவது கணித ஆசிரியருக்குத் தமிழாசிரியரைவிடக் குறைவாகத் தேவைப்படுவதில்லை. வட்டத்துக்குப் புதிதாக நேரம் ஒதுக்கச் சொல்லவுமில்லை. வாசிப்புக்கான அந்தத் தாள் ஏற்கெனவே கால அட்டவணையில் இருக்கிறது. பணியில் இருப்பவர்களுக்கும் குறுவள மையக் கூட்டங்கள் இருக்கின்றன. சுற்றறிக்கையும் செயலிப் பதிவேற்றமும் பேசி முடிந்தபின் மீதமாகும் ஒரு மணி நேரத்தில் கிஜுபாய் பதேக்காவின் 'பகல் கனவை' ஓர் அத்தியாயம் பேசலாம். புதிய முறைகளை முயலும் ஓர் ஆசிரியரின் கதை அது. படிக்கிறவர்கள் நிச்சயம் சண்டை போடுவார்கள், எங்கள் பள்ளியில் இது நடக்காது என்று.

மிஞ்சுவது மதிப்பெண். மதிப்பெண் இல்லாவிட்டால் யாரும் எழுத மாட்டார்கள் என்று சொல்லும் விரிவுரையாளர்கள் தங்கள் மாணவர்களை அறிந்தே சொல்கிறார்கள். முதல் சில வாரங்கள் அப்படித்தான் போகும். எழுதியதற்கு மட்டும் மதிப்பெண், எழுதியதன் தரத்துக்கு இல்லை என்று வைத்தால் சிலர் இரண்டு வரியில் முடிப்பார்கள். அந்த இரண்டு வரிக்கும் சக மாணவர் ஒருவர் பதில் எழுதியாக வேண்டும் என்றால் நாணப்பட்டாவது அடுத்த முறை நாலு வரி வரும். எழுத்துத் தமிழில்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டாம். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் பேசுகிறபடியே எழுதட்டும். நாற்பது பேர் வகுப்பு என்றால் எட்டு வட்டம், வட்டத்துக்கு ஒரு நோட்டு, வாரம் எட்டு நோட்டு. நாற்பது ரெக்கார்டு நோட்டுகளில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுவதைவிட விரிவுரையாளருக்கு இது அதிக வேலையில்லை. அடித்தல் திருத்தல், பேச்சுத்தமிழ், ஓரத்தில் அம்புக்குறி போட்டு எழுதிய மறுப்பு, முடியாமல் பாதியில் நின்ற வாக்கியம் எல்லாம் இருக்கும் அந்த எட்டு நோட்டுகளை, வெளித்தேர்வாளர் வரும் நாளில் அட்டை போட்ட நோட்டுகளுக்குப் பதிலாக மேசையில் வைக்கக் கல்லூரி முதல்வரும் அவற்றை ஏற்றுக்கொள்ளத் தேர்வாளரும் சம்மதிக்க வேண்டும். பாடத்திட்டத்தில் ஒரு வரியைக்கூட மாற்றத் தேவையில்லை. பல்கலைக்கழகம் அகமதிப்பீட்டு விதியில் இதற்கு இடமுண்டு என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.